பாட்டில் ராக்கெட்டும் பட்டாசு ஊர்க்காரனும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. எட்டிலிருந்து பதினஞ்சு வயசுக்குள் பிள்ளை வைத்திருப்பவர்கள் டீயோ காபியோ எடுத்துக்கொண்டு உட்காரவும். மற்றவர்கள் அவரவர் விருப்பப்படி :-)

ஆபீஸில் ஆணி அதிகமாகிப்போனதால் இந்தப் பக்கம் தலைகாட்டி ரெண்டு மாசத்துக்கு மேல் ஆகிறது. நடுவில் கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளை ஒரு ராக்கெட் தின்றுவிட்டது. மிகைப்படுத்தவில்லை, நிஜமாகவே ராக்கெட். தண்ணீரில் ஓடுவது.

ஆரம்பித்து வைத்தது டல்லாஸில் இருக்கும் என் தங்கை மகன். பள்ளிக்கூடத்தில் அட்டைக் குழாயில் ராக்கெட் செய்து, பட்டனை அழுத்தி விட்டு, அது குடை விரித்து இறங்குவதை வீடியோ எடுத்து அனுப்பினான். எட்டாம் வகுப்பு படிக்கும் என் பெரியவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. "அத்தைகிட்ட சொல்லி ஒரு செட் அனுப்பச் சொல்லுப்பா" என்று ஒரே நச்சரிப்பு. அட்டையும் குடையும் வரும். அதற்குள் வைக்கிற மோட்டார் இருக்கிறதே, விரல் நீளத்தில் ஒரு தாள் உருளை, அது வராது. உள்ளே இருப்பது கரிமருந்து. விமானத்தில் பெட்டிக்குள் வைத்து எடுத்துவர விடமாட்டார்கள்.

ரெண்டு நாள் யோசித்துவிட்டு பையன் இன்னொரு யோசனையோடு வந்தான். "மோட்டார்ல இருக்கறதும் நம்ம வெடில இருக்கறதும் ஒண்ணுதானப்பா? தீபாவளிக்கு வாங்குனது அட்டத்துல மிச்சம் இருக்கு. பிரிச்சு எடுத்துக்கலாமே?"

நான் வழக்கமாக எதற்கும் "பார்க்கலாம்டா" என்று இழுக்கிற ஆள். அன்றைக்கு ஒரே வார்த்தைதான். முடியாது. தங்கமணியே திரும்பிப் பார்த்தார். ஏன் என்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

*

எனக்குச் சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். பெங்களூர் வந்து இருபது வருஷம் ஆனாலும், ஊர் எது என்று கேட்டால் "சிவகாசிக்குப் பக்கம்" என்று சொல்லித்தான் பழக்கம். கேட்பவர்கள் உடனே "அப்போ பட்டாசு ஃப்ரீயா?" என்று சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

எங்கள் பக்கத்தில் பட்டாசுத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. 'ஆபீஸ்' என்போம். தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ். "உங்க அம்மா எங்க?" "ஆபீஸ் போயிருக்கு." இப்படித்தான் நாங்கள் வளர்ந்தோம். மானாவாரிக் கரிசல். மழை பெய்தால் விளையும், பெய்யாத வருஷத்தில் ஆபீஸ்தான் சோறு போட்டது. அதனால் அந்தத் தொழிலைப் பழித்து எழுத எனக்கு வாய் வராது. என் பள்ளிக்கூடப் பையையும் அதே காசில்தான் வாங்கினார்கள்.

ஆனால் மருந்து என்றால் என்ன என்பது அங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். மருந்து கலக்குகிற அறையும் செலுத்துகிற அறையும் தள்ளித் தள்ளி இருக்கும். ஓர் அறைக்குள் நாலு பேருக்கு மேல் கூடாது என்பது விதி. உராய்வுதான் எமன். தீக்குச்சியே வேண்டாம், இடித்தாலும் தேய்த்தாலும் போதும். எங்கள் தெருவில் பெரியப்பா முறையில் ஒருவர் இருந்தார். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும். அந்த ரெண்டு விரலால் பீடி பற்றவைப்பதை நாங்கள் வேடிக்கை பார்ப்போம். எப்படி ஆச்சு என்று யாரும் கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லாத ஊர் அது.

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த விபத்து பலருக்கு நினைவிருக்கும். முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேலை செய்தவர்கள் மட்டுமில்லை, முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவிக்கு ஓடியவர்களும் அதில் உண்டு. அதெல்லாம் தூரத்து ஊர் சமாச்சாரம் என்று பெங்களூர்க்காரர்கள் நினைத்தால், 2023 அக்டோபர் 7 இருக்கிறது. ஓசூர் ரோட்டில் நாம் எல்லோரும் ஊருக்குப் போகும் வழியில் இருக்கிற அத்திப்பள்ளி. பட்டாசுக் கடையிலும் கிடங்கிலும் தீப்பிடித்து அன்றைக்கே 14 பேர் போனார்கள். தீபாவளி சீசன் வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த பையன்கள் அதில் பலர். என் பெரியவனை விட நாலைந்து வயசுதான் கூட இருக்கும். அந்த வழியாக பஸ் போகும்போதெல்லாம் இப்போதும் ஜன்னல் பக்கம் தலை திரும்புகிறது.

இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். குரலை உயர்த்தாமல்தான் சொன்னேன். கேட்டுக்கொண்டு, கடைசியில் அவன் கேட்டது: "அப்ப அமெரிக்கால மட்டும் எப்படிப்பா ஸ்கூல் பசங்க விடறாங்க?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடப் போய்த்தான் ஒரு செருப்புக் கடைக்காரர் கிடைத்தார்.

*

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்ஃபோக் என்று ஒரு சின்ன ஊர். அங்கே செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் என்பவருக்குப் பட்டாசு செய்வது பொழுதுபோக்கு. அவருடைய சகோதரருக்கு மாடல் விமானப் பைத்தியம். ரெண்டையும் சேர்த்து 1954-ல் தாள், அட்டை, லேசான மரத்தில் ஒரு ராக்கெட் செய்தார். உள்ளே மாற்றிப் போடக்கூடிய ஒரு சின்ன மருந்துக் குழாய். அதே காலத்தில் ஹாரி ஸ்டைன் என்ற ராக்கெட் பொறியாளர் பத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருந்தார். வீட்டு நிலவறையில் தாங்களே மருந்து கலந்து, கையையும் கண்ணையும் போக்கிக்கொண்ட பையன்களின் கதை அவருக்குத் தெரியும். கார்லைலின் ராக்கெட் அவர் கைக்கு வந்தபோது வழி கிடைத்தது. 1957-ல் ஸ்புட்னிக் பறந்த பிறகு ஊர் ஊருக்குப் பையன்கள் ராக்கெட் விடக் கிளம்பினார்கள். வெர்னான் எஸ்டெஸ் என்பவர் அந்த மருந்துக் குழாய்களை ஒரே அளவில் அழுத்தித் தள்ளுகிற மெஷினைச் செய்தார்.

அவர்கள் போட்ட சட்டம் ரொம்ப எளிது. உடம்பை எதில் வேண்டுமானாலும் நீ செய்துகொள், தாள், அட்டை, பாத்ரூம் காகித உருளை, என்ன கிடைக்கிறதோ அது. இரும்பு மட்டும் கூடாது. மருந்தை நீ தொடாதே, அது தொழிற்சாலையிலிருந்து மூடி வரும். டல்லாஸில் தங்கை மகன் பத்திரமாக இருப்பதற்குக் காரணம் அந்த ஒரு கோடுதான். அறிவு, வசதி, அமெரிக்கா என்பதெல்லாம் அப்புறம்.

"நமக்கு மூடி வர்ற மோட்டார் கெடைக்காது. அதனால மருந்தே வேண்டாம், தண்ணியும் காத்தும் போதும்" என்றேன். பையன் முகத்தில், ஐஸ்கிரீம் கேட்டவனுக்கு மோர் கொடுத்த மாதிரி ஒரு பாவம்.

*

அடுத்த சனிக்கிழமை கே.ஆர். புரத்தில் மெட்ரோ பிடித்து, மெஜஸ்டிக்கில் மாறி, சிக்பேட்டையில் இறங்கினோம். எஸ்.பி. ரோடு போகாமல் பெங்களூரில் யாரும் எதையும் செய்ய முடியாது என்பது என் நம்பிக்கை. வாங்கிய சாமான்கள்: அரை இஞ்ச் பிவிசி பைப் ரெண்டடி, அதைவிடப் பெரிய பைப்பில் ஒரு துண்டு, எண்ட் கேப், ரப்பர் ஓ-ரிங், ஒரு பாக்கெட் கேபிள் டை. வீட்டுப் பக்கத்து பஞ்சர் கடையில் வேலூர்க்கார அண்ணன் பழைய டியூப்லெஸ் டயரின் வால்வைச் சும்மாவே கொடுத்துவிட்டார். காற்றடிக்க மீட்டர் வைத்த கால் பம்பு ஏற்கனவே இருந்தது.

பையைத் தூக்கிக்கொண்டு சிட்டி மார்க்கெட் பக்கம் நடக்கும்போது பையனிடம் சொன்னேன்: "இந்தப் பேட்டைல ஒரு தெருவுக்கு தாரமண்டல்பேட்டைன்னு பேரு. நட்சத்திரக் கூட்டம்னு அர்த்தம். திப்பு சுல்தான் காலத்துல ராக்கெட் செஞ்ச எடம்னு சொல்வாங்க." அவன் சுற்றிலும் பார்த்தான். கைவண்டி, மூட்டை தூக்கிகள், தலைக்கு மேல் ஒயர்க்கூட்டம். "இங்கயா?"

இங்கேதான். பெங்களூரில் விமானவியல் ஆராய்ச்சியில் பெரிய பெயரான ரொத்தம் நரசிம்மா 1985-ல் மைசூர் ராக்கெட்டுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அறிவியல் ஆர்வமுள்ள யாரும் தேடிப் படிக்கவேண்டியது. அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்றுதான். வாணம் என்பது உலகத்தில் பல இடங்களில் இருந்தது. சீனாவில் பல நூறு வருஷமாக இருந்தது. மற்ற இடங்களில் மருந்தைத் தாளிலோ மூங்கிலிலோ அடைத்தார்கள். மைசூர்க்காரர்கள் இரும்புக் குழாயில் அடைத்தார்கள். இரும்பு கூடுதல் அழுத்தம் தாங்கும். அழுத்தம் கூடினால் புகை வேகமாக வெளியேறும், தள்ளுவிசை கூடும், தூரம் கூடும். அவ்வளவுதான் ரகசியம். இங்கிலாந்தில் ஊல்விச் அருங்காட்சியகத்துக்குப் போன ரெண்டு மைசூர் ராக்கெட்டுகளின் அளவுகள் அந்தக் கட்டுரையில் உண்டு. ஒன்றின் குழாய் பத்து அங்குல நீளம், அதைத் தோல்வாரால் கட்டியிருப்பது ஒரு வாளோடு! இன்னொன்று ஆறடிக்கு மேல் நீளமான மூங்கிலோடு.

வாள், மூங்கில், மாட்டுத்தோல், கொல்லன் தட்டிய குழாய். எல்லாம் பக்கத்துத் தெருவில் கிடைத்த சாமான்.

1780 செப்டம்பர் 10-ல் நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் தோற்கடித்தபோது இந்த ராக்கெட்டுகள் பறந்தன. அந்தப் போரின் ஓவியத்தை ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் பார்க்கலாம். 1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. கைப்பற்றிய ராக்கெட்டுகள் சில இங்கிலாந்து போயின. மிச்சம் என்ன ஆயிற்று என்பதற்கு ஒரு பதில் 2018-ல் கிடைத்தது. சிவமொக்கா மாவட்டம் நகரா என்ற ஊரில் ஒரு பாழுங்கிணற்றைத் தூர் எடுத்த தொல்லியல் துறைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்புக் குழாய்கள் கிடைத்தன. ஒவ்வொன்றும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட.

இதை வைத்துக்கொண்டு "ராக்கெட்டை உலகத்துக்குக் கொடுத்ததே நாங்கதான்" என்று குடும்ப வாட்ஸப் குழுவில் மார்தட்டலாம். நம்மாட்கள் தட்டிக்கொண்டும் இருக்கிறார்கள். பையனிடம் அப்படிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. கையில் கிடைத்ததை எடுத்தார்கள் என்பதை விட, கிடைத்ததில் எது அழுத்தம் தாங்கும் என்று தெரிந்து எடுத்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிசாகத் தெரிகிறது.

*

பாட்டிலுக்கு வருவோம்.

தண்ணி ராக்கெட்டுக்கு எந்த பாட்டிலும் ஆகும் என்று நினைத்தால் தப்பு. ரயிலில் வாங்குகிற தண்ணி பாட்டில் கையால் நசுக்கினாலே மடங்கும். கோலா, சோடா வருகிற ரெண்டு லிட்டர் பாட்டில்தான் வேண்டும். உள்ளே இருக்கிற கேஸின் அழுத்தம், வெயில் நேரத்தில் அறுபது பிஎஸ்ஐ வரைக்கும் போகும். கடைக்காரர் வாசலில் அடுக்கிவைத்தாலும் வெடிக்காமல் இருக்கவேண்டும் என்று அதற்கென்றே செய்த பாட்டில் அது. அடியில் பூவிதழ் மாதிரி அஞ்சு கால் இருப்பதும் அந்த அழுத்தத்துக்காகத்தான். தாளை விட்டு இரும்புக்குப் போன அதே கணக்கு, இருநூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து எங்கள் வீட்டு பால்கனியில். இதைச் சொன்னதும் பையன் முகத்தில் மோர் பாவம் போய் முதல்முறையாக வெளிச்சம் வந்தது.

செய்முறை சுருக்கமாக. அரை இஞ்ச் பைப் பாட்டிலின் கழுத்துக்குள் சரியாக நுழையும். கசியாமலிருக்க ஓ-ரிங். பைப்பின் அடியில் எண்ட் கேப்பில் துளையிட்டு டயர் வால்வு. பாட்டில் கழுத்தில் ஒரு வளையம் இருக்கிறதல்லவா, அதைக் கேபிள் டைகளின் தலைகள் சுற்றிலும் கவ்விக்கொள்ளும். அந்தத் தலைகள் விலகாமல் பெரிய பைப் துண்டு மேலிருந்து மூடியிருக்கும். தூரத்திலிருந்து கயிற்றை இழுத்தால் துண்டு கீழே இறங்கும், கேபிள் டைகள் விலகும், பாட்டில் கிளம்பும்.

வால் இறகுகள் மூன்று. அபார்ட்மெண்ட் வாசலில் வீட்டுமனை விளம்பரத்துக்கு நட்டு, காற்றில் விழுந்துகிடந்த பிளாஸ்டிக் அட்டையை வாட்ச்மேனிடம் கேட்டு எடுத்துக்கொண்டோம். ஒட்டுவதற்குச் சூடான பசைத் துப்பாக்கி ஆகாது, பாட்டில் இளகி அந்த இடம் பலவீனமாகிவிடும். டேப்தான் சரி. மூக்குக்கு பாதி வெட்டிய டென்னிஸ் பந்து. அதற்குள் எடைக்கு, நாலாம் வகுப்பு மகள் உபயத்தில் களிமண்.

எடை எதற்கு என்றால், ராக்கெட்டின் எடை மையம் முன்னால் இருக்கணும், காற்று பிடித்துத் தள்ளுகிற மையம் பின்னால் இருக்கணும். மாறியிருந்தால் குட்டிக்கரணம் போடும். சோதிக்க நூல் ஒன்று போதும். ராக்கெட் சமமாகத் தொங்குகிற இடத்தில் கட்டித் தலைக்கு மேல் சுற்றிப்பாருங்கள். மூக்கு முன்னால் வந்தால் சரி. வால் முன்னால் வந்தால் மூக்கில் இன்னும் கொஞ்சம் களிமண்.

தீபாவளி ராக்கெட்டில் குச்சி ஏன் இருக்கிறது என்று என்னைச் சின்ன வயசில் யாராவது கேட்டிருந்தால் "பாட்டிலில் நட்டுவைக்க" என்று சொல்லியிருப்பேன் :-) அந்தக் குச்சிதான் அதன் இறகு. நீளமாகப் பின்னால் போய்க் காற்றைப் பிடித்து நேராக வைக்கிறது. மைசூர் மூங்கிலுக்கும் வாளுக்கும் அதே வேலைதான்.

"அப்ப நாமளும் மூங்கில் வச்சுப் பாக்கலாமா?" இது மகள். பேம்பூ பஜாரில் மெல்லிசாக ஒரு மூங்கில் சிம்பு வாங்கி, இறகில்லாத இன்னொரு பாட்டிலில் நாலடி நீளத்துக்குக் கட்டினோம். பைப்பில் இடிக்காமல் பக்கவாட்டில்.

*

லே-அவுட்டுக்குப் பின்னால் வீடு வராத ஒரு காலி மைதானம். ஞாயிறு காலை ஏழு மணி. கிரிக்கெட் கோஷ்டி வருவதற்கு முன்னால் முடிக்கணும்.

முதல் தடவை கயிறு இழுத்தபோது பாட்டில் போனது எங்களுக்குத் தெரியவே இல்லை. சர்ரென்று ஒரு சத்தம், எங்கள் மேல் ஒரு சாரல், நிமிர்ந்து பார்த்தால் தென்னை உயரத்துக்கு மேலே ஒரு புள்ளி. பையன் வாயைத் திறந்தபடி நிற்கிறான். ரெண்டு வாரமாக மோர் மோர் என்று முனகியவன். நடைப்பயிற்சிக்கு வந்த கன்னடத்துத் தாத்தா ஒருவர் நின்று, "இன்னொந்து சல பிடி" என்றார். விட்டோம்.

நாலைந்து முறை விட்டதும் ஆட்டம் அலுக்க ஆரம்பிக்கும் என்பது எனக்குத் தெரியும். எந்தப் பொம்மைக்கும் விதி அதுதான். அங்கேதான் நோட்டை எடுத்தேன்.

ஒரு பாகைமானி, அதன் நடுவில் நூல், நூலின் நுனியில் ஒரு நட்டு. ராக்கெட் கிளம்புகிற இடத்திலிருந்து சரியாக 30 மீட்டர் தள்ளி நின்று, உச்சிக்குப் போகும்போது பாகைமானியின் விளிம்பு வழியாகப் பார்த்தால் நூல் கோணத்தைக் காட்டும். 42 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் டேன் மதிப்பு 0.9. முப்பதால் பெருக்கினால் 27, பார்க்கிறவன் கண் உயரம் ஒன்றரை மீட்டரைக் கூட்டினால் இருபத்தெட்டரை மீட்டர். டேன் என்பது பத்தாம் வகுப்புப் பாடம். எட்டாம் வகுப்புக்காரனுக்கு அது அன்றைக்கே தேவைப்பட்டது, அன்றைக்கே புரிந்தது.

பிறகு மூன்று ஞாயிறுகள் அதே வேலை. அழுத்தம் எப்போதும் 50 பிஎஸ்ஐ. தண்ணியின் அளவு மட்டும் மாறும். ஒவ்வொரு அளவுக்கும் மூன்று முறை விட்டு சராசரி. எழுதுகிற பொறுப்பு மகளுக்கு. அவள் நோட்டில் இருப்பது இது: தண்ணியே இல்லாமல் 7 மீட்டர். கால் லிட்டருக்கு 20. அரை லிட்டருக்கு 27. எழுநூறு மில்லிக்கு 28. ஒரு லிட்டருக்கு 19. ஒன்றரை லிட்டருக்கு "தூ" என்று எழுதி 4.

ஏன் மூன்றில் ஒரு பங்குப் பக்கம் உச்சம் வருகிறது? தண்ணி காற்றை விட எண்ணூறு மடங்கு கனம். பின்னால் கனமாக எதையாவது தள்ளினால்தான் முன்னால் வேகமாகப் போகமுடியும். அதனால் வெறும் காற்றுக்கு வலு இல்லை. தண்ணியை நிரப்பிவிட்டாலோ அதைத் தள்ளுவதற்கு அழுத்திவைத்த காற்றுக்கு இடமில்லை, தூக்கவேண்டிய எடையும் கூடிவிடுகிறது. நடுவில் எங்கேயோ ஒரு சமரசம். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எழுநூறைத் தாண்டியதும் கீழே இறங்குகிறதே என்று அவர்களே நோட்டைப் பார்த்துக் கேட்டு, அவர்களே சண்டை போட்டு, அவர்களே கண்டுபிடித்தார்கள்.

மூங்கில் பாட்டில் அதே எழுநூறு மில்லியில் 17 மீட்டர்தான் போனது. ஆனால் ஒரு தடவைகூடக் குட்டிக்கரணம் போடவில்லை. "கனம், ஆனா நல்ல புள்ள" என்று மகள் குறிப்பு எழுதியிருக்கிறாள்.

ஊல்விச்சில் வில்லியம் காங்கிரீவ் செய்ததும் இதைத்தான் என்று நோட்டைப் பார்க்கும்போது தோன்றியது. 1804 வாக்கில் ஆரம்பித்தார். லண்டனில் கிடைத்த பெரிய வாணங்கள் 600 கெஜம் போனதை 1500 கெஜத்துக்கு மேல் கொண்டுபோனார். அளந்தார், மாற்றினார், திரும்ப அளந்தார், எல்லாவற்றையும் எழுதி அச்சிட்டார். 1807-ல் கோபன்ஹேகன் எரிந்தது அந்த ராக்கெட்டுகளில். 1814-ல் பால்டிமோரில் வானத்தைச் சிவப்பாக்கி அமெரிக்க தேசிய கீதத்துக்குள் நுழைந்ததும் அவைதான். டல்லாஸில் தங்கை மகன் பள்ளியில் பாடுகிற பாட்டுக்குள் நம் பேட்டைக் குழாயின் பேரன் இருக்கிறான் என்று சொன்னால் அவன் நம்புவானா தெரியவில்லை.

மைசூர்க்காரர்கள் அளக்கத் தெரியாதவர்கள் இல்லை. குழாயின் விட்டத்தையும் இலக்கின் தூரத்தையும் வைத்து எந்தச் சாய்வில் விடவேண்டும் என்று ராக்கெட் வீரர்களுக்குப் பயிற்சி இருந்தது. கணக்கு கையிலும் கண்ணிலும் இருந்தது, கைகளோடு போய்விட்டது. கிணற்றில் ஆயிரம் குழாய் மிஞ்சியது, தட்டிய கொல்லர் ஒருவரின் பெயர் மிஞ்சவில்லை. ஊல்விச்சில் நோட்டு மிஞ்சியது.

*

இந்த ஊரிலேயே நோட்டு வைத்தவர்களும் உண்டு.

பீன்யா தொழிற்பேட்டைக்கு எத்தனை பேர் வேலை தேடிப் போயிருக்கிறோம்! இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டாவை யூ.ஆர். ராவ் தலைமையில் செய்தது அங்கே கல்நார்க் கூரை போட்ட ஷெட்டுகளில்தான். 360 கிலோ எடை. 1975 ஏப்ரல் 19-ல் ரஷ்ய ராக்கெட்டில் போனது. இடமில்லாமல் ஒரு கழிவறையையே தகவல் வாங்கும் அறையாக மாற்றிக்கொண்டதை ராவ் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ஆறு வருஷம் கழித்து ஆப்பிள் செயற்கைக்கோள். திட்ட இயக்குநர் நம்ம ஆர்.எம். வாசகம், பிறகு அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். அந்தச் செயற்கைக்கோளை மாட்டுவண்டியில் ஏற்றி நிற்கும் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இந்தியாவின் ஏழ்மைக்கு உதாரணமாக அதைக் காட்டிச் சிரிப்பவர்களும் உண்டு, எளிமை என்று கண்ணீர் விடுபவர்களும் உண்டு. ரெண்டு பேருமே விஷயத்தைப் பார்க்கவில்லை. ஆன்டெனாவைச் சோதிக்க வெட்டவெளி வேண்டும், சுற்றிலும் குறுக்கிடுகிற உலோகம் இருக்கக்கூடாது. லாரி முழுக்க இரும்பு. மரத்தால் ஆன வண்டி எது? வாடகைக்குத் தெருவில் நின்றது. 1981 ஜூன் 19-ல் ஆப்பிள் ஏரியான் ராக்கெட்டில் விண்ணுக்குப் போனது.

பையனுக்கு அந்தப் படத்தைக் காட்டி ஏன் மாட்டுவண்டி என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கோலா பாட்டில் மாதிரியாப்பா?" என்றான். ஆமாம் என்றேன்.

*

வெளியூரில் பிள்ளை வளர்க்கிற நமக்கு ரெண்டு பயம். ஒன்று, ஊர் வாசனையே தெரியாமல் வளர்ந்துவிடுவார்களோ என்று. இன்னொன்று, ஊரில் நாம் பார்த்ததெல்லாம் இவர்கள் மேல் விழுந்துவிடக்கூடாதே என்று. ரெண்டு விரல் பெரியப்பாவைப் பற்றி வீட்டில் இத்தனை வருஷம் நான் பேசியதில்லை. இந்த ராக்கெட் சாக்கில் பேசினேன். பேசிய பிறகு பையன் அட்டத்திலிருந்த பட்டாசை இறக்கிக் கொண்டுவந்து கொடுத்து, "இதப் பிரிக்க வேண்டாம்ப்பா, தீபாவளிக்கு நீ கூட இருக்கும்போது விட்டுக்கலாம்" என்றான். அந்தப் பெட்டியின் மேல் எங்கள் மாவட்டத்து முகவரிதான் அச்சாகியிருந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இத யாரோ கையால செஞ்சிருப்பாங்கல்ல?" என்று கேட்டான்.

செய்ய நினைப்பவர்களுக்கு, உங்கள் வீட்டு எஸ்.பி. ரோடு எந்த நாட்டில் இருந்தாலும்: பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் காற்றடிக்க விடாதீர்கள். காற்று ஏறிய பாட்டிலுக்கு மேலே யாரும் குனியக்கூடாது. கயிறு குறைந்தது அஞ்சு மீட்டர். 50 பிஎஸ்ஐ-க்கு மேல் ஆசைப்படவேண்டாம். கீறல் விழுந்த, நசுங்கிய பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். உலோகம் எதுவும் ராக்கெட்டில் வேண்டாம். காற்று வீசும் நாளில் வீட்டிலேயே இருங்கள். பாட்டில் தலைகீழாக வேகமாக இறங்கும், அண்ணாந்து பார்த்துக்கொண்டே நில்லுங்கள், ஓடவேண்டி வரலாம். அப்புறம் மருந்து. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

நோட்டு வாங்க மறக்காதீர்கள். பத்து ரூபாய்தான்.

பி.கு: அடுத்து ரெண்டு பாட்டிலை ஒட்டி நீளமாக்குவது, மேலே குடை வைப்பது என்று திட்டம் போய்க்கொண்டிருக்கிறது. குடைக்குத் துணி தேடி தங்கமணியின் பழைய துப்பட்டா ஒன்று காணாமல் போயிருக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியாது :-)